சோளக்காட்டு நோயேடும் தில்லிக் கணினியும்

காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் சோளக்காடு. கொல்லிமலையின் மிளகும் பலாவும் அன்னாசியும் முடவாட்டுக்கால் கிழங்கும் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் கீழே இறங்குகின்றன. நோயாளிகளும் அப்படித்தான். செம்மேடு அரசு மருத்துவமனையில் முடியாது என்றால் நாமக்கல். அங்கும் முடியாவிட்டால் சேலம். கையில் கொஞ்சம் காசு இருந்தால் ராசிபுரத்தில் ஏதாவது ஒரு தனியார் மருத்துவமனை. போகிறவர் கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். பழைய ஓ.பி. சீட்டு, ரத்தப் பரிசோதனைத் தாள், மடித்து மடித்துக் கோடு விழுந்த ஸ்கேன் அறிக்கை, பெயர் அழிந்துபோன மாத்திரை அட்டை. கவரை வீட்டில் மறந்துவிட்டால், எல்லாப் பரிசோதனையும் மறுபடி முதலிலிருந்து.

இந்தக் கவருக்கு மாற்றாகத்தான் 14 இலக்க ‘ஆபா’ சுகாதாரக் கணக்கு எண்ணைக் கொண்டுவந்திருக்கிறார்கள். 2020 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்டு, ஆறு யூனியன் பிரதேசங்களில் முன்னோட்டம் பார்க்கப்பட்டு, 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்கும் தொடங்கிவைக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் இரண்டு வாக்குறுதிகளைத் தருகிறது. ஒன்று, மேடைகளில் பேசப்படுவது: நோயாளி எந்த ஊருக்குப் போனாலும் அவருடைய மருத்துவ ஆவணம் பின்னாலேயே வரும். மற்றொன்று, கொள்கை ஆவணங்களின் உட்பக்கங்களில் இருப்பது: அடையாளம் நீக்கித் தொகுத்த தரவை மருத்துவ ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம்.

முதல் வாக்குறுதியோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. இரண்டாவதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. என் நிலையை இப்போதே சொல்லிவிடுகிறேன். சிகிச்சைத் தரவு ஆராய்ச்சிக்கு வேண்டும். அதை ஒருங்கிணைக்க நாடு தழுவிய வலையமைப்பும் வேண்டும். ஆனால், அதன் விதிகளைப் பெருநகர மருத்துவமனைகளை மனதில் வைத்து எழுதினால், சோளக்காட்டில் அவை பலிக்காது. சோளக்காட்டை மனதில் வைத்து எழுதினால் சென்னைக்கும் தில்லிக்கும் தாராளமாகப் போதும்.

பூனையோடு வீடு திரும்பியவர்கள்

சிகிச்சைக் குறிப்பு ஆராய்ச்சியாக மாறிய கதை ஒன்றுக்குக் கொல்லிமலையோடு தொடர்பு உண்டு. ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் என்ற ஆங்கிலேயத் தம்பதி இம்மலையில் தங்கி மருத்துவமும் மதப்பணியும் பார்த்தவர்கள். மலேரியா முற்றி வரும் கருநீர்க் காய்ச்சலில் 1929இல் ஜெஸ்ஸி இறந்தார். எவலின் முதுமையிலும் மலைகளில் சுற்றி வேலை பார்த்து, 1974இல் மறைந்தார். அவர்களுடைய மகன் பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். 1946இல் வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை நிபுணராகச் சேர்ந்தார்.

தொழுநோய் வந்தால் விரல்கள் அழுகி உதிரும் என்றே அக்காலத்தில் மருத்துவர்களும் நம்பினார்கள். பிராண்டும் அவருடைய குழுவினரும் நோயாளிகளின் ஒவ்வொரு காயத்தையும் எழுதிவைக்கத் தொடங்கினார்கள். எப்போது வந்தது, என்ன வேலை செய்தபோது வந்தது, எந்த விரலில் வந்தது? துருப்பிடித்த பூட்டை முரட்டுத்தனமாகத் திறந்தது, சூடான பாத்திரத்தைப் பிடித்தது, செருப்பு ஆணி குத்தியது என்று பட்டியல் நீண்டது. சிலருக்கு மட்டும் இரவில் தூங்கி எழுந்தபோது விரலில் ஒரு பகுதி காணாமல் போயிருந்தது. விழித்திருந்து பார்த்தபோது விடை தெரிந்தது: எலிகள். உணர்ச்சியற்ற விரலை எலி கடித்தாலும் தூங்குபவருக்குத் தெரியவில்லை. மறுவாழ்வு இல்லத்திலிருந்து வீடு திரும்பியவர்களிடம் ஆளுக்கொரு பூனையைக் கொடுத்து அனுப்பினார்கள். வலி தெரியாமல் போவதுதான் உறுப்பிழப்புக்குக் காரணம் என்று உலக மருத்துவம் புரிந்துகொண்டதில் அந்தக் குறிப்புகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

எனக்கு இதில் பிடித்தது பூனைதான். யாரிடமிருந்து குறிப்பு எடுத்தார்களோ அவர்களிடமே விடை போய்ச் சேர்ந்தது. ஆய்விதழில் கட்டுரை வந்ததோடு வேலை முடிந்துவிடவில்லை.

தமிழ்நாட்டில் இந்த மரபு அறுந்துபோகவில்லை என்பதற்குக் காசநோய் ஆராய்ச்சியே சாட்சி. காசநோயாளியை வீட்டிலேயே வைத்துச் சிகிச்சை தரலாமா, சானடோரியத்தில்தான் சேர்க்க வேண்டுமா என்ற கேள்விக்கு 1956இல் தொடங்கிய சென்னை ஆய்வு விடை தந்தது. 193 நோயாளிகளை இரு பிரிவாக்கிப் பார்த்ததில், வீட்டுச் சிகிச்சை எவ்விதத்திலும் குறைந்ததில்லை என்றும், வீட்டில் இருப்பவர்களுக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்றும் தெரிந்தது. முடிவு 1959இல் வெளியானது. உலகமெங்கும் சானடோரியங்களின் காலம் முடிவுக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அதன் இன்றைய வாரிசு, 2022இல் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’. காசநோய் உறுதியானதும் நோயாளியிடம் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறார்கள்: உயரத்துக்கேற்ற எடை, காலில் வீக்கம், மூச்சின் வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்பது. இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். மலை மேலிருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒரே தாளில் குறித்துவிடலாம். நிலைமை மோசம் என்றால் உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். மாநில அரசும், சென்னையில் இயங்கும் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனமும் சேர்ந்து நடத்தும் திட்டம் இது. இப்படித் திரண்ட ஏறத்தாழ 56,000 நோயாளிகளின் தரவைக் கொண்டு, புதிதாக வரும் ஒருவர் இறக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று கணிக்கும் முறையை அந்நிறுவனம் உருவாக்கியது. இன்று அந்தக் கணிப்பு மாநிலமெங்கும் களப்பணியாளரின் திரையில் தெரிகிறது. நேற்றைய நோயாளியின் தாள், இன்றைய நோயாளிக்குப் படுக்கை வாங்கித் தருகிறது. ஆராய்ச்சிக்குத் தரவு எதற்கு என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இதைவிட நல்ல பதில் இல்லை.

ஓர் ஒப்பீட்டுக்கு: சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1981இல் மக்கள்தொகை அடிப்படையிலான புற்றுநோய்ப் பதிவேட்டைத் தொடங்கியபோது, பதிவேட்டுப் பணியாளர்களே மருத்துவமனை மருத்துவமனையாக ஏறி இறங்கி நோயாளி விவரங்களைத் திரட்ட வேண்டியிருந்தது. மாநிலம் முழுவதற்குமான புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் வந்தது 2012இல்தான். வலையமைப்பு இல்லாததன் விலை இது.

பெயரை நீக்கினால் போதுமா?

இனிச் சிக்கலுக்கு வருவோம். ‘அடையாளம் நீக்கிய தரவு’ என்பதுதான் இந்த ஏற்பாட்டின் அச்சாணி. பெயர், முகவரி, தொலைபேசி எண், ஆதார் ஆகியவற்றை எடுத்துவிட்டால் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது என்பது நம்பிக்கை. அமெரிக்காவில் இந்த நம்பிக்கை 1990களிலேயே உடைந்தது. மாசசூசெட்ஸ் மாநில அரசு ஊழியர்களின் மருத்துவமனைத் தரவு, பெயர் நீக்கி ஆய்வாளர்களுக்குத் தரப்பட்டது. லடான்யா ஸ்வீனி என்ற மாணவி அதையும் காசு கொடுத்து வாங்கிய வாக்காளர் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றே போதும்; மாநில ஆளுநர் வில்லியம் வெல்டின் மருத்துவ ஆவணம் கையில் சிக்கியது.

அது ஒரு மாநில அளவிலான தரவு. கொல்லிமலையைப் பாருங்கள். இங்குள்ள ஊராட்சிகள் வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு என்று ‘நாடு’களாக இருக்கின்றன. ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் சிதறிக் கிடக்கும் சிற்றூர்கள். மலை முழுவதற்கும் மக்கள்தொகை சுமார் 40,000. அவர்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். ஒரு சிற்றூரைச் சேர்ந்த, முப்பதைத் தாண்டிய, இரட்டைக் குழந்தை பெற்ற, வலிப்பு நோய்க்கு மாத்திரை சாப்பிடும் பெண் என்று தரவில் ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர் பெயரை நீக்கி என்ன பயன்? சந்தையில் யாரிடம் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள்.

மரபுவழி நோய்களில் இது இன்னும் கூர்மையாகிறது. ‘சிக்கிள்செல்’ எனப்படும் அரிவாளணு ரத்தசோகை இந்தியாவில் முதன்முதலாக 1952இல் நீலகிரிப் பழங்குடியினரிடம்தான் கண்டறியப்பட்டது. அதை 2047க்குள் ஒழிக்கும் தேசிய இயக்கம் 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கப்பட்டது. தமிழ்நாடு உட்பட 17 மாநிலங்களின் பழங்குடிப் பகுதிகளில், 40 வயதுக்கு உட்பட்ட 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது இலக்கு. முடிவுகள் தேசிய இணையதளத்தில் ஏறுகின்றன. பரிசோதிக்கப்பட்டவருக்கு ஓர் அட்டை தருகிறார்கள். திருமணத்துக்கு முன் இரு வீட்டாரும் அட்டைகளை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். மருத்துவரீதியாக இதில் தப்பில்லை. ஆனால், நோயில்லாமல் அந்த மரபணுவை மட்டும் சுமக்கும் ஒரு பெண்ணின் முடிவு வெளியே தெரிந்தால், அவளுடைய தங்கைகளின் கல்யாணப் பேச்சும் நின்றுபோகக் கூடும். ஒருவர் தந்த சம்மதத்தில் குடும்பமே அம்பலமாகிறது. தனிநபர் சம்மதத்தை மட்டுமே அறிந்த சட்டத்துக்கு இந்தக் கணக்கு பிடிபடாது.

அமெரிக்காவில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் அடியில் வாழும் ஹவசுபாய் பழங்குடியினர் இதை நீதிமன்றம் வரை கொண்டுபோனார்கள். சர்க்கரை நோய் ஆராய்ச்சி என்று சொல்லி 1990களின் தொடக்கத்தில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் அவர்களிடம் ரத்தம் எடுத்தது. பிற்பாடு அதே ரத்தத்தில் மனச்சிதைவு பற்றியும், அவர்களுடைய முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பது பற்றியும் ஆய்வுகள் நடந்தன. பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் நாங்கள் என்று நம்பும் மக்களுக்கு அந்த இரண்டாவது ஆய்வு பெரும் அவமதிப்பு. 2010இல் பல்கலைக்கழகம் 41 பேருக்கு 7 லட்சம் டாலர் இழப்பீடு தந்து, மிச்சமிருந்த ரத்த மாதிரிகளையும் திருப்பிக் கொடுத்தது. ரத்தத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். பலமுறை நகலெடுக்கப்பட்ட கணினிக் கோப்பை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

ஓடிபி கேட்டால் சம்மதமா?

டிஜிட்டல் இயக்கம் சம்மதத்தை மதிக்கவே செய்கிறது என்பார்கள். உண்மைதான். ஒருவருடைய ஆவணத்தை இன்னொரு மருத்துவமனை பார்க்க வேண்டுமானால் அவர் அனுமதிக்க வேண்டும்; அனுமதி பெரும்பாலும் செல்பேசி வழியாக வரும். அந்தச் செல்பேசி யாருடையது? வீட்டுக்கு ஒன்று இருந்தால் அது கணவரிடமோ மகனிடமோ இருக்கும். சிக்னலுக்காக மேட்டில் ஏறி நிற்க வேண்டிய ஊரில், “நம்பர் வந்திருக்கா பாருங்கம்மா” என்று செவிலியர் கேட்க, வந்த எண்ணைச் சொல்லிவிடுவதற்குப் பெயர் சம்மதம் என்றால், அந்தச் சொல்லைச் சட்டப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடலாம். கோவிட் தடுப்பூசிக்கு ஆதாரைக் காட்டிய பலருக்கு, கேட்காமலேயே சுகாதார எண் உருவாக்கப்பட்டதாக 2021இல் செய்திகள் வந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம்.

கட்டாயமில்லை என்று தொடங்கும் எண்கள் கட்டாயமாவதும் நமக்குப் புதிதில்லை. கர்ப்பிணிகளைப் பதிவுசெய்யத் தமிழ்நாட்டில் உருவான ‘பிக்மி’ அருமையான ஏற்பாடு. தாய்சேய் நலத்தில் தமிழ்நாடு பெற்ற இடத்துக்கு அதுவும் ஒரு காரணம். ஆனால், 2017 முதல் பிக்மி எண் இல்லாமல் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வாங்க முடியாது என்றாகிவிட்டது. மகப்பேறு நிதியுதவியும் அந்த எண்ணைச் சார்ந்தே வருகிறது. மறுக்க முடியாத இடத்தில் சம்மதம் என்று ஒன்று இருப்பதாக நான் கருதவில்லை. அப்படிப்பட்ட இடங்களில் சம்மதத்தைக் காட்டித் தப்பிக்காமல், தரவை வாங்கியவர் மேல் பொறுப்பைச் சுமத்துவதே நேர்மை.

சட்டமோ எதிர்த்திசையில் போயிருக்கிறது. 2018இல் ஸ்ரீகிருஷ்ணா குழு தந்த வரைவில் உடல்நலத் தரவு ‘நுண்ணுணர்வுத் தரவு’ என்று தனியாக வைக்கப்பட்டு, கூடுதல் பாதுகாப்பு பெற்றிருந்தது. 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தப் பிரிவினையே இல்லை. நீங்கள் வாங்கிய சட்டையின் அளவும் உங்கள் எச்ஐவி பரிசோதனை முடிவும் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான். போதாக்குறைக்கு, 17ஆம் பிரிவு ஆராய்ச்சிக்கும் புள்ளிவிவரப் பணிக்கும் விலக்கு தருகிறது: குறிப்பிட்ட ஒருவரைப் பற்றி முடிவெடுக்கப் பயன்படுத்தாமல், வகுக்கப்பட்ட தரநிலைகளைப் பின்பற்றினால் போதும், சட்டம் பொருந்தாது. அந்த ஆராய்ச்சியைப் பல்கலைக்கழகம் செய்கிறதா, மருந்து நிறுவனம் செய்கிறதா, காப்பீட்டு நிறுவனம் செய்கிறதா என்று சட்டம் பிரித்துப் பார்க்கவில்லை.

இந்தியாவில் தரவு கசியாது என்று நம்புவதற்கும் அடிப்படை இல்லை. 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் கணினிகளை இணையத் தாக்குதல் முடக்கியது. நாட்டின் தலைசிறந்த மருத்துவமனை கிட்டத்தட்ட இரண்டு வாரம் காகிதத்தில் சீட்டு எழுதியது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவித்தால் திருடனுக்கும் வேலை மிச்சம்.

தரவு இருந்த இடத்திலேயே இருக்கட்டும்

பிரிட்டன் இதில் ஒருமுறை விழுந்து எழுந்திருக்கிறது. குடும்ப மருத்துவர்களிடம் உள்ள நோயாளித் தரவையெல்லாம் மையத்தில் சேர்க்கும் ‘கேர்.டேட்டா’ திட்டத்துக்காக 2014 தொடக்கத்தில் வீடு வீடாகத் துண்டறிக்கை போட்டார்கள். மக்கள் நம்பவில்லை, மருத்துவர்களும் நம்பவில்லை. 2016இல் திட்டத்தைக் கைவிட்டார்கள். 2021இல் அதே யோசனை வேறு பெயரில் வந்தபோது, ஒரே மாதத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ‘என்னை விட்டுவிடுங்கள்’ என்று எழுதிக் கொடுத்தார்கள்.

இவ்விரண்டுக்கும் நடுவில், கோவிட் தொடங்கிய 2020இல், பென் கோல்டேக்ரும் நண்பர்களும் ‘ஓப்பன்சேஃப்லி’ என்ற ஏற்பாட்டை உருவாக்கினார்கள். இதில் தரவு நகர்வதே இல்லை. ஆய்வாளர் தன் கேள்வியை நிரலாக எழுதி அனுப்புகிறார். தரவு இருக்கும் இடத்திலேயே நிரல் ஓடுகிறது. கூட்டுத்தொகையும் விகிதமும் மட்டும் சரிபார்க்கப்பட்டு வெளியே வருகின்றன. ஒரு நோயாளியின் ஆவணத்தையும் ஆய்வாளர் கண்ணால் பார்ப்பதில்லை. யார், எந்தக் கேள்வியை, எப்போது கேட்டார் என்ற பதிவு முழுவதும் பொதுவெளியில் கிடக்கிறது. 1.7 கோடிப் பேரின் ஆவணங்களை ஆராய்ந்து, கோவிட்டில் யாருக்கு இறப்பு ஆபத்து அதிகம் என்று சில மாதங்களிலேயே சொல்ல முடிந்தது.

அமெரிக்காவின் ‘பிகார்நெட்’டும் ஏறக்குறைய இதே பாணிதான். பல மருத்துவமனைக் குழுமங்கள் தங்கள் தரவைத் தங்களிடமே வைத்துக்கொண்டு, எல்லாரும் ஒரே வடிவத்தில் எழுதிவைக்கின்றன. ஒருங்கிணைப்பு மையம் கேள்வியை அனுப்பி, விடைகளைக் கூட்டுகிறது. இதய நோயாளி அன்றாடம் விழுங்கும் ஆஸ்பிரின் 81 மில்லிகிராம் போதுமா, 325 வேண்டுமா? 15,076 பேரை வைத்து நடந்த ஆய்வு 2021இல் சொன்னது: பெரிய வித்தியாசம் இல்லை. எந்த மருந்து நிறுவனமும் காசு போட்டுக் கேட்காத கேள்வி இது. இப்படிப்பட்டவற்றுக்குத்தான் பொது வலையமைப்பு தேவை.

நம் டிஜிட்டல் இயக்கமும் காகிதத்தில் பரவலான அமைப்புதான். ஆவணங்கள் அந்தந்த மருத்துவமனையிலேயே இருக்கும் என்கிறது. நல்ல அடித்தளம். எனக்குள்ள கவலை, ஒருங்கிணைப்பவர் யார் என்பதில். இயக்கத்தை நடத்தும் தேசிய சுகாதார ஆணையமே பிரதமரின் காப்பீட்டுத் திட்டத்தையும் நடத்துகிறது. காப்பீட்டுக் கோரிக்கைகளுக்கான பரிமாற்றகமும் இதே கட்டமைப்பின் மேல்தான் எழுகிறது. பணம் கொடுப்பவரும் நோயேட்டின் காவலரும் ஒருவராக இருப்பது சரியில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்திடம் (ஐசிஎம்ஆர்) கொடுக்கலாமே என்றால், அதுவே தரவைக் கேட்கும் முதல் ஆய்வாளர். நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லும் தனி அமைப்பு வேண்டும்; அதில் நோயாளிகளுக்கும் பழங்குடியினருக்கும் இடம் வேண்டும். பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் இருப்பதால் தமிழ்நாடு தில்லிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வீடு தேடிப் போய்ச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தரவும் பிக்மி தரவும் காசநோய்த் திட்டமும் கையில் உள்ள மாநிலம், தன் எல்லைக்குள் இப்படி ஒரு வலையமைப்பை முதலில் கட்டிக்காட்டலாம்.

அதற்கு முன் ஒரு சின்ன, ஆனால் யாரும் பேசாத விஷயம். இந்தத் தரவையெல்லாம் எழுதுவது யார்? கிராம சுகாதார செவிலியர். பகலில் ஊசியும் எடையும்; இரவில் பதிவேடும் செயலியும். ஒரே தகவலை நோட்டில் ஒருமுறை, கணினியில் ஒருமுறை, இன்னொரு செயலியில் மறுமுறை. இலக்கு எட்டவில்லை என்று திட்டு விழும் இடத்தில் ரத்த அழுத்தம் எல்லாருக்கும் 120/80 என்று பதிவாவதில் வியப்பில்லை. அந்த எண்ணை எவ்வளவு பெரிய கணினியில் போட்டு அரைத்தாலும் ஆராய்ச்சி ஆகாது. செவிலியரின் பதிவேடுகளைக் குறைத்து, அவர் பதிந்ததிலிருந்து கிடைத்த விடையை அவருக்கே முதலில் அனுப்பினால், தரவின் தரம் தானாக உயரும் என்பது என் எண்ணம்.

விடை ஊருக்கும் வர வேண்டும். தமிழ்நாட்டில் அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் இல்லாததால், மற்ற மாநிலங்களில் பழங்குடி கிராம சபைகளுக்குக் கூடுதல் அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டின் ‘பெசா’ சட்டம் கொல்லிமலைக்குப் பொருந்தாது. ஆனாலும் ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. அவற்றில் ஒன்றில், இந்த ஊராட்சியின் தரவிலிருந்து யார் என்ன கேட்டார்கள், என்ன தெரிந்தது, அதனால் இங்கே என்ன மாறும் என்று தமிழில் வாசிக்கச் சொல்ல ஓர் அரசாணை போதும். ஒரு சமூகத்தையே பெயர் சொல்லி நடத்தும் ஆய்வானால், தொடங்கும் முன்பே அங்கே கேட்க வேண்டும். வேண்டாம் என்று சபை சொன்னால் விட்டுவிட வேண்டும். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுவிட்டன. முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வருகின்றன. மாநிலம் தன் விதிகளை எழுதிக்கொள்ள அவகாசம் இருக்கிறது.

கேள்விகளையும் எப்போதும் சமவெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும் என்பதில்லை. கொல்லிமலையில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த கொல்லைகள் பலவற்றை, கடந்த சில பதிற்றாண்டுகளில் ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மரவள்ளி பிடித்துக்கொண்டது. தட்டில் சாமைச் சோற்றின் இடத்துக்கு ரேஷன் அரிசி வந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இம்மாற்றத்தைப் பல ஆண்டுகளாகப் பதிவுசெய்து வந்திருக்கிறது. இது மலை மக்களின் ரத்தத்தில் என்ன செய்திருக்கிறது? சர்க்கரை கூடியிருக்கிறதா? கர்ப்பிணிகளின் ரத்தசோகை மலையின் எந்த ‘நாட்டில்’ அதிகம், சாமையை இன்னும் விடாதிருக்கும் ஊர்களில் குறைவா? ஹீமோகுளோபின் அளவு பிக்மியில் இருக்கிறது. சர்க்கரை அளவு மக்களைத் தேடி மருத்துவத்தில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கேட்க யாரிடம் மனு எழுத வேண்டும் என்று சோளக்காட்டுச் சுகாதார ஊழியர் ஒருவர் இன்று விசாரித்தால், அவருக்குக் காட்ட ஒரு முகவரி இல்லை.